வாத்து வீடு நினைவிருக்கிறது, முகவரி மறந்துபோனது

பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு முறைகேட்டைப் பற்றி யார் பேசினாலும் முதலில் ஒரு வாத்து வீடு வந்துவிடுகிறது. கன்சர்வேட்டிவ் கட்சியின் சர் பீட்டர் விகர்ஸ் தன் வீட்டுக் குளத்தில் மிதக்கவிட ‘ஸ்டாக்ஹோம்’ மாதிரியில் ஒரு சிறிய வாத்துக் கூடு வாங்கினார். விலை 1,645 பவுண்டு. அந்தச் செலவை நாடாளுமன்றத்திடம் கேட்டார். 2009 மே மாதம் அது செய்தியானதும் கார்ட்டூன்களில் புகுந்தது, உலகம் முழுக்கப் பரவியது, இன்றுவரை அந்த ஊழலின் முகமாக நிற்கிறது. எனக்கு இது பல வருடங்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம் எளியது. அந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்தின் செலவு அலுவலகம் நிராகரித்துவிட்டது. காகிதத்தின் மேல் ‘அனுமதிக்க இயலாது’ என்று ஓர் அலுவலர் கையால் எழுதியிருந்தார். வாத்துக் கூட்டுக்கு மக்கள் பணம் ஒரு பென்னிகூடப் போகவில்லை. ஓட்டைகள் நிறைந்த ஓர் அமைப்பு சரியாக வேலை செய்த மிகச் சில இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையே ஊழலின் சின்னமாக நாம் வைத்திருக்கிறோம்.

பெரிய பணம் போன வழி வேறு. அதைப் படம் வரைந்து காட்ட முடியாது. அது ஒரு படிவத்தில் இருந்த ‘இரண்டாவது வீட்டின் முகவரி’ என்ற கட்டம். அந்தக் கட்டத்தை மக்கள் பார்க்கலாமா கூடாதா என்பதுதான் 2005 முதல் 2009 வரை நடந்த சண்டையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். பாத்ரூம் அடைப்பானுக்கு 88 பென்ஸ், மாளிகை அகழியைத் தூர்வார 2,115 பவுண்டு என்று சிரிக்கத் தூண்டும் செலவுகளின் சத்தத்தில் அந்தக் கட்டம் மறைந்தே போனது.

படி என்ற பெயரில் ஒரு சம்பளம்

பிரிட்டன் எம்.பி. ஒருவர் தொகுதியிலும் தங்க வேண்டும், சபை நடக்கும் நாட்களில் லண்டனிலும் தங்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்தோ கார்ன்வாலிலிருந்தோ வருபவர் தினமும் ரயிலில் போய்வர முடியாது. ஆகவே 1971-ல் ‘கூடுதல் செலவுப் படி’ என்று ஒன்று கொண்டுவரப்பட்டது. முதன்மை வீட்டுக்கு வெளியே, நாடாளுமன்றப் பணிக்காக இரவு தங்குவதால், முழுமையாகவும் அதற்கென மட்டுமேயும் தவிர்க்க முடியாமலும் ஆகும் செலவைத் திருப்பித் தருவது இதன் நோக்கம். நியாயமான ஏற்பாடுதான். இதைக் குறை சொல்கிறவர்கள், படியே இல்லாவிட்டால் பணக்காரர்கள் மட்டும்தான் எம்.பி. ஆக முடியும் என்பதை யோசிக்க வேண்டும்.

ஆனால் அது வளர்ந்த விதம் கோணலானது. எம்.பி.க்களின் சம்பளத்தை உயர்த்தினால் வாக்காளர்கள் கோபப்படுவார்கள் என்று 1980-களில் தாட்சர் காலத்திலிருந்தே அரசுகள் தயங்கின. சம்பளத்தில் கொடுக்காததைப் படியில் கொடுப்பது வழக்கமானது. எழுதப்படாத இந்த ஒப்பந்தம் வெஸ்ட்மின்ஸ்டரில் எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். 2008-09-ல் இந்தப் படியின் ஆண்டு உச்சவரம்பு 24,006 பவுண்டு. சம்பளம் சுமார் 63,000 பவுண்டாக இருந்தது. அதாவது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வரி கிடையாது. உச்சவரம்பை முழுதாக எடுத்துக்கொள்வது தன் உரிமை என்று நினைத்த உறுப்பினர்கள் ஏராளம்.

எதற்கெல்லாம் கேட்கலாம்? வாடகை, அல்லது வீட்டுக் கடனின் வட்டி (அசலுக்குக் கிடையாது), கவுன்சில் வரி என்ற உள்ளாட்சி வரி, மின்சாரம், எரிவாயு, மேசை நாற்காலி, பழுதுபார்ப்பு, சுத்தம் செய்யும் ஆள், சாப்பாடு. 250 பவுண்டுக்குக் குறைந்த எதற்கும் 2008 வரை ரசீது வேண்டியதில்லை, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அது 25 பவுண்டாகக் குறைந்தது. சாப்பாட்டுக்கு மாதம் 400 பவுண்டு வரை ரசீதே இல்லாமல் வாங்கலாம். ரசீது கேட்காத வரம்பு எங்கே இருக்கிறதோ, கோரிக்கைகள் அதன் அடியில் போய்க் குவியும். இது எந்த அலுவலகக் கணக்கிலும் நடப்பது. இங்கும் நடந்தது. 249 பவுண்டு என்ற தொகை மறுபடி மறுபடி வந்தது. சபை நடக்காத ஆகஸ்ட் மாதத்துக்கும் 400 பவுண்டு சாப்பாட்டுச் செலவு எழுதப்பட்டது.

பொருள்களின் விலை நியாயமானதா என்று பார்க்க, செலவு அலுவலகம் ஜான் லூயிஸ் என்ற பல்பொருள் அங்காடியின் விலைகளை அளவுகோலாக வைத்திருந்தது. புதிய சமையலறைக்கு 10,000 பவுண்டு, குளியலறைக்கு 6,335, தொலைக்காட்சிப் பெட்டிக்கு 750. இந்தப் பட்டியல் உறுப்பினர்களுக்கே காட்டப்படாமல் இருந்தது, 2008 மார்ச்சில்தான் வெளியே வந்தது. உச்ச விலை தெரிந்தால் எல்லாரும் அந்த விலைக்கே வாங்குவார்கள் என்று அலுவலகம் அஞ்சியது. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தன்னிடம் பணம் கேட்பவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அறிந்த அலுவலகம், அவர்களைத் தடுக்கும் அதிகாரமில்லாமல் பட்டியலை ஒளித்துவைத்தது என்பதும் அதில் தெரிகிறது. அந்த அலுவலர்கள் யாருக்குக் கணக்குப் பார்த்தார்களோ அவர்களே அவர்களுடைய எஜமானர்கள். செலவு தன் பணிக்கானது என்று உறுப்பினர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு விசாரணை முடிந்தது. தேசியத் தணிக்கை அலுவலகமும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. படிவம் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்பதோடு அது நின்றது.

ஒரே வீடு, இரண்டு அலுவலகங்கள்

எது முதன்மை வீடு, எது இரண்டாவது வீடு? உறுப்பினர்களின் விதிக் கையேடு, எங்கே அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அதுவே பொதுவாக முதன்மை வீடு என்றது. இரவுகளை எண்ணுவது யார்? உறுப்பினரே. மாற்ற வேண்டுமானால் செலவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும், அவர்கள் பதிவு செய்துகொள்வார்கள். உள்துறை அமைச்சராக இருந்த ஜாக்கி ஸ்மித், லண்டனில் தன் சகோதரியின் வீட்டை முதன்மை வீடாகவும், தன் தொகுதியான ரெடிச்சில் கணவரும் பிள்ளைகளும் இருந்த வீட்டை இரண்டாவது வீடாகவும் பதிவு செய்திருந்தார். இரவுக் கணக்கை மட்டும் பார்த்தால் அதற்கு வாதம் உண்டு. ஒரு குடும்பம் எங்கே வாழ்கிறது என்று பார்த்தால் அந்த வாதம் நிற்காது. 2009 அக்டோபரில் அவர் சபையில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இதைவிடச் சிக்கலானது, வீடுகளை இடம் மாற்றுவது. எப்படி நடந்தது என்பதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும். ஓர் உதாரணத்தை நானே போட்டுக் காட்டுகிறேன். ஓர் உறுப்பினருக்குத் தொகுதியில் ஒரு வீடு, லண்டனில் ஒரு ஃபிளாட். ஃபிளாட்டுக்கு 2,50,000 பவுண்டு கடன், 5 சதவீத வட்டி. ஆண்டுக்கு 12,500 பவுண்டு வட்டி படியிலிருந்து வருகிறது. உச்சவரம்பில் மீதி 11,506 பவுண்டு இருக்கிறது. கவுன்சில் வரி, மின்சாரம், சாப்பாடு போக மிச்சத்தில் ஒரு வருடம் குளியலறை, மறு வருடம் சமையலறையில் ஒரு பகுதி. இரண்டு மூன்று வருடத்தில் ஃபிளாட்டில் செய்ய வேண்டிய வேலை எல்லாம் முடிந்துவிடும். இப்போது செலவு அலுவலகத்துக்கு ஒரு தகவல்: இனி லண்டன்தான் என் முதன்மை வீடு. அடுத்த மாதத்திலிருந்து தொகுதி வீடு ‘இரண்டாவது வீடு’ ஆகிவிடுகிறது. அதன் கூரை, கொதிகலன், தோட்டச் சுவர் எல்லாம் மக்கள் பணத்தில் சரியாகும். ஆண்டு உச்சவரம்பு ஒருபோதும் மீறப்படவில்லை. ஒவ்வொரு பில்லும் உண்மையானது. எந்த ஒரு மாதத்தின் படிவத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கடுத்த வேலை வரித்துறையில். பிரிட்டனில் ஒருவர் தன் முதன்மை வசிப்பிடத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. இரண்டாவது வீட்டை விற்றால் உண்டு. ஆனால் இரண்டு வீடு வைத்திருப்பவர் எது தன் முதன்மை வசிப்பிடம் என்று வரித்துறைக்குத் தானே எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது வீடு கைக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் அதை மாற்றவும் முடியும், அந்த மாற்றத்தை இரண்டு ஆண்டு வரை முன்தேதியிட்டுக் கொள்ளவும் முடியும். ஒரு வீடு எப்போதாவது முதன்மை வசிப்பிடமாக இருந்திருந்தால், கையில் வைத்திருந்த கடைசி 36 மாதங்களுக்கு எப்படியும் விலக்கு உண்டு என்பது அன்றைய சட்டம். நம் உறுப்பினர் ஃபிளாட்டை விற்று 60,000 பவுண்டு லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டாவது வீடாகவே இருந்திருந்தால், 2008-09-ன் 9,600 பவுண்டு விலக்குப் போக 50,400-க்கு 18 சதவீதம், அதாவது 9,072 பவுண்டு வரி. முதன்மை வசிப்பிடம் என்று சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை.

செலவு அலுவலகத்தின் விளக்கம் வேறு, வரித்துறையின் விளக்கம் வேறு. இரண்டு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஒரே ஃபிளாட் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் இரண்டாவது வீடாகவும் இன்னோரிடத்தில் முதன்மை வீடாகவும் இருக்க முடிந்தது. அமைச்சராக இருந்த ஹேசல் பிளியர்ஸின் விவகாரம் இதுதான். தெற்கு லண்டன் ஃபிளாட்டைச் சபைக்கு இரண்டாவது வீடாகக் காட்டிப் படி வாங்கியவர், விற்றபோது மூலதன ஆதாய வரி கட்டவில்லை. தான் விதிகளை மீறவில்லை என்பதே அவர் நிலை. பிறகு 13,332 பவுண்டுக்குக் காசோலை எழுதி அதைத் தொலைக்காட்சிக் கேமரா முன் உயர்த்திக் காட்டினார். அந்தக் காசோலைப் படம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர் அந்தப் பணத்தை அதற்கு முன் ஏன் கட்ட வேண்டியிருக்கவில்லை என்ற கேள்வியைத் தொடர்ந்து போனவர்கள் குறைவு.

இந்த மாற்றங்களை வெளியிலிருந்து ஒருவர் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? தொகை, தேதி, முகவரி. மூன்றும் சேர்ந்து வேண்டும். முகவரியை எடுத்துவிட்டால் ஜனவரியில் ‘இரண்டாவது வீட்டு வட்டி 1,040 பவுண்டு’, ஜூனில் ‘இரண்டாவது வீட்டுக் கூரை வேலை 3,000 பவுண்டு’ என்று இருக்கும். இரண்டும் இருநூறு மைல் தள்ளியிருக்கிற இரண்டு வீடுகள் என்பது யாருக்கும் தெரியாது.

2008 ஜூலை

தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஹெதர் புரூக், பென் லீப்மன், ஜான் அங்கோட்-தாமஸ் ஆகிய மூன்று பத்திரிகையாளர்கள் தனித்தனியாக எம்.பி.க்களின் செலவு விவரங்களைக் கேட்டார்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை மறுத்தது. தகவல் ஆணையர் 2007-ல் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கச் சொன்னார். தகவல் தீர்ப்பாயம் 2008 பிப்ரவரியில் அதைத் தாண்டிப் போய், ரசீதுகள் உட்பட முழு விவரத்தையும் கொடுக்கச் சொன்னது. சபை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 மே 16 அன்று அங்கும் தோற்றது. நடுவில், நாடாளுமன்றத்தையே அந்தச் சட்டத்திலிருந்து விலக்கும் மசோதா ஒன்றைக் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் டேவிட் மக்ளீன் கொண்டுவந்து காமன்ஸ் சபையில் நிறைவேற்றியும் காட்டினார். பிரபுக்கள் சபையில் அதை முன்மொழிய ஒருவரும் வராததால் அது செத்தது.

தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் முகவரிகளைப் பற்றியும் யோசித்திருந்தன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஆபத்து உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றபடி முகவரியும் வெளியிடப்பட வேண்டும் என்பதுதான் முடிவு. வீடு உண்மையில் இருக்கிறதா, அது உறுப்பினரின் பணிக்குத்தான் பயன்படுகிறதா என்று மக்கள் சரிபார்க்க வேறு வழியில்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தீர்ப்புக்குச் சபை கொடுத்த பதில் அதிகம் பேசப்படவில்லை. இரண்டே மாதத்தில், 2008 ஜூலையில், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணையை நிறைவேற்றி, உறுப்பினர்களின் வீட்டு முகவரிகள், பயண விவரங்கள், பாதுகாப்புச் செலவுகள் ஆகியவற்றை அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். சட்டப்படி சரியான ஆணை. வாத்து வீடு போல ஒரு படமும் அதற்கு இல்லை. ஆனால் அந்த முறைகேட்டின் வரலாற்றில் தீர்மானமான நாள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பாதுகாப்பு பற்றிய கவலை போலியானது என்று நான் சொல்லவில்லை. வட அயர்லாந்து வன்முறையில் எம்.பி.க்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பின்னால் 2016-ல் ஜோ காக்ஸும் 2021-ல் டேவிட் அமெஸும் தங்கள் தொகுதிப் பணியின்போதே கொலை செய்யப்பட்டார்கள். ஓர் எம்.பி.யின் பிள்ளைகள் தூங்கும் வீட்டின் கதவு எண்ணை இணையத்தில் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் மக்களுக்குத் தேவைப்பட்டது கதவு எண் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கலாம்: வீடு அ, வீடு ஆ. அதோடு ஊரின் பெயர், அஞ்சல் குறியீட்டின் முதல் பாதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அது ‘இரண்டாவது வீடு’ என்ற பதிவு. இவ்வளவு போதும். வீடு அ-வுக்கு மார்ச் வரை பணம், ஏப்ரலிலிருந்து வீடு ஆ-வுக்குப் பணம், ஜூலையில் வீடு அ விற்பனை என்பது எவருக்கும் தெரிந்துவிடும், யாருடைய உயிருக்கும் ஆபத்து வராது. இப்படி ஒரு வழியைத் தேடாமல், முகவரி முழுவதையும் துடைத்து எடுத்ததால்தான் நோக்கத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. 2009 ஜனவரியில் அரசு இன்னும் ஒருபடி மேலே போய், செலவு விவரங்களையே சட்டத்திலிருந்து விலக்கும் ஆணை ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதால் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் அதைக் கைவிட்டது. பெரிய முயற்சியை மக்கள் தடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் போன முகவரி திரும்பி வரவில்லை.

இரண்டு பதிப்புகள்

சபை தன் ஆவணங்களை ஸ்கேன் செய்து, மறைக்க வேண்டியதைக் கருப்புப் பட்டையால் மறைத்து, 2009 ஜூலைக்குள் வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. மறைக்கப்படாத மூலப் பிரதி ஒரு வட்டில் ஏறி வெளியே போனது. ஜான் விக் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி இடையில் நின்று அதை ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழிடம் சேர்த்தார். மே 8 அன்று முதல் செய்தி, பிரதமர் கார்டன் பிரவுனின் அமைச்சரவை உறுப்பினர்களைப் பற்றி. அடுத்து கன்சர்வேட்டிவ்கள், பிறகு எல்லாரும். வாரக்கணக்கில் நாள் தவறாமல் வந்தது. மே 19 அன்று சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகுவதாக அறிவித்தார். 1695-ல் சர் ஜான் டிரெவருக்குப் பிறகு ஒரு சபாநாயகர் இப்படி வெளியேற்றப்பட்டது அதுவே முதல் முறை.

ஜூன் 18 அன்று சபையின் அதிகாரபூர்வப் பதிப்பு வந்தது. பக்கம் பக்கமாகக் கருப்பு. முகவரிகள் இல்லை. உறுப்பினர்களுக்கும் செலவு அலுவலகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி இல்லை. நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளும் இல்லை. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது மறைக்கத் தகுந்ததாகக் கருதப்பட்டது என்பது விளங்குகிறது. எலியட் மார்லியின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கன்தார்ப் தொகுதியின் லேபர் உறுப்பினர், முன்னாள் அமைச்சர். தன் இரண்டாவது வீட்டின் கடன் வட்டி என்று மாதம் 800 பவுண்டு வாங்கினார். காகிதத்தில் குறை எதுவும் தெரியாது. பத்திரிகையாளர்கள் அந்த வீட்டின் முகவரியை எடுத்து நிலப் பதிவேட்டில் பார்த்தபோது, கடன் ஏற்கெனவே அடைந்திருந்தது. இல்லாத கடனுக்கு 16,000 பவுண்டுக்கு மேல் வட்டி வாங்கியிருந்தார். கருப்புப் பட்டை போட்ட பதிப்பில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. லூட்டன் சவுத் உறுப்பினர் மார்கரெட் மோரனும் அப்படியே. சுவரில் பூஞ்சை பிடித்ததைச் சரிசெய்ய 22,500 பவுண்டு என்பது மட்டும் தெரிந்தால், பழைய வீடு போலிருக்கிறது என்று போய்விடுவோம். அந்த வீடு தொகுதியிலும் இல்லை லண்டனிலும் இல்லை, கடற்கரை ஊரான சவுதாம்டனில் அவருடைய துணைவரின் வீடு, வேலைக்குச் சற்று முன்புதான் அது ‘இரண்டாவது வீடு’ ஆனது என்பதை முகவரிதான் சொன்னது.

யார் தண்டனை பெற்றார்கள், யார் பெறவில்லை

சிறைக்குப் போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். டேவிட் சேட்டர் 18 மாதம், எலியட் மார்லி 16 மாதம், ஜிம் டிவைன் 16 மாதம், எரிக் இல்ஸ்லி 12 மாதம், பிரபுக்கள் சபையின் டெய்லர் 12 மாதம், ஹானிங்ஃபீல்டு 9 மாதம். எல்லாம் 2011-ல். மோரன் மனநலக் காரணத்தால் வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று முடிவானது. ஆனாலும் 53,000 பவுண்டுக்கு மேல் பொய்க் கோரிக்கை செய்தார் என்று 2012-ல் ஜூரி கண்டது. இவர்கள் மாட்டியது பொய்க் கணக்கில்: போலி ரசீது, இல்லாத கடன், தங்காத இரவு, கட்டாத கவுன்சில் வரி. சேட்டர் தனக்கே சொந்தமான ஃபிளாட்டுக்கு வாடகை வாங்கினார். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரராக இருந்தது அவருடைய மகள். சேட்டர், மார்லி, டிவைன் மூவரும் 1689-ன் உரிமைச் சட்டம் நாடாளுமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றத்திலிருந்து காக்கிறது என்று வாதாடினார்கள். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் 2010-ல் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. செலவுப் படிவம் நிரப்புவது நாடாளுமன்ற நடவடிக்கை அல்ல.

வீடுகளை இடம் மாற்றியவர்களில் ஒருவர்கூட அதற்காக மட்டும் நீதிமன்றம் ஏறவில்லை, ஏனென்றால் அது குற்றமே இல்லை. சர் தாமஸ் லெக் 2004 முதலான ஐந்தாண்டுக் கணக்குகளைத் தணிக்கை செய்தார். அன்றைய, முன்னாள் உறுப்பினர்கள் 752 பேரின் கணக்குகள். முறையீடுகளுக்குப் பிறகு திருப்பித் தரச் சொன்ன தொகை சுமார் 11 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு. சுத்தம் செய்ய ஆண்டுக்கு 2,000, தோட்டத்துக்கு 1,000 என்று, முடிந்துபோன ஆண்டுகளுக்கும் பொருந்தும்படி அவர் வரம்பு வைத்தார். பிரதமர் பிரவுனே 12,415 பவுண்டு கட்டினார். ஆனால் வீட்டை இடம் மாற்றியதும் மூலதன ஆதாய வரியும் லெக்கின் தணிக்கைக்குள் வரவில்லை. தோட்டக்காரர் கூலி திரும்பி வந்தது, சொத்து லாபம் உறுப்பினர்களிடமே தங்கிவிட்டது. இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பில்லைப் பொய்யாக எழுதியவன் திருடன் என்பதில் ஐயமில்லை. ஆனால் பில்லை உண்மையாக எழுதி, எந்த வீடு எது என்பதை மட்டும் வசதிப்படி மாற்றிச் சொன்னவர்களால் மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு, எந்த நீதிமன்றத்திலும் கூட்டிப் பார்க்கப்படவில்லை.

2010 மே முதல் படிகளைச் சபையே நிர்வகிக்கும் வழக்கம் போய், இப்சா என்ற சுதந்திர அமைப்பு வந்தது. கடன் வட்டிக்குப் பணம் கொடுப்பது, சிறிது கால அவகாசத்துக்குப் பிறகு 2012-ல் முழுமையாக நின்றது. இனி வாடகை மட்டும். இதுதான் உண்மையான சீர்திருத்தம். வீட்டின் விலை ஏறினால் உறுப்பினருக்கு லாபம் என்ற முடிச்சை அது வெட்டியது. ஆனால் பணம் தனக்கு வேறு வாய்க்காலைத் தேடிக்கொண்டது. லண்டனில் சொந்த வீடு வைத்திருந்தவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, வேறொரு வீட்டில் குடியிருந்து அதன் வாடகையை இப்சாவிடம் கேட்க முடிந்தது, விதியில் தடையிருக்கவில்லை. ஓர் உறுப்பினரின் வீட்டில் இன்னோர் உறுப்பினர் குடியிருப்பதும் சாத்தியமாக இருந்தது. 2012-ல் வீட்டுக்காரர்களின் பெயர்களை வெளியிட இப்சா தயாரானபோது, பெயர் தெரிந்தால் முகவரி தெரிந்துவிடும், பாதுகாப்புக்கு ஆபத்து என்று அன்றைய சபாநாயகர் ஜான் பெர்கோ கடிதம் எழுதினார். அதே வாதம், நான்கு வருடம் கழித்து. பிறகு பெயர்கள் வெளிவந்தன, யார் யாருக்கு வாடகை போகிறது என்பது தெரிந்தது.

ரசீதுகளின் கதையும் இதே வழியில்தான் போனது. இப்சா ஒவ்வொரு கோரிக்கையையும் இணையத்தில் போடத் தொடங்கியது. ஆனால் ரசீதைப் போடவில்லை. ரசீதில் உள்ளதைத் தட்டச்சு செய்து ஒரு வரியாகப் போட்டது: தேதி, வகை, தொகை. முதல் வழக்கில் இருந்த பென் லீப்மன், 2010-ல் மூன்று உறுப்பினர்களின் சில ரசீதுகளின் நகல்களைக் கேட்டார். சுருக்கம் கொடுத்தாயிற்று, தகவல் அதுதான் என்றது இப்சா. ஆணையர், தீர்ப்பாயம், மேல் தீர்ப்பாயம் என்று ஐந்து வருடம் ஓடி, 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரசீதின் படமும் தகவலே என்று தீர்ப்பளித்தது. காகிதத்தின் தலைப்பு, சின்னம், கையெழுத்து, ஓரத்தில் எழுதிய குறிப்பு, வடிவமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ரசீது. ராதர்ஹாம் உறுப்பினராக இருந்த டெனிஸ் மக்ஷேன் 2013 டிசம்பரில் ஆறு மாதச் சிறைக்குப் போனது 19 பொய் ரசீதுகளுக்காக, மொத்தம் 12,900 பவுண்டு. தானே நடத்திய ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெயரில், அதன் மேலாளர் என்று ஒரு பெயரைப் போட்டுத் தானே கையெழுத்திட்டிருந்தார். ஆய்வுச் செலவு, தொகை, தேதி என்று தட்டச்சு செய்த வரியில் அந்தக் கையெழுத்து இருக்காது.